அமைதியான குழந்தை



சென்ற வாரம், அண்மையில் தந்தையான இளம் ஆசிரியர் ஒருவர் ஆசிரியர் அறையில் தம் குழந்தையின் படத்தைக் காட்டினார். "அழுவதே இல்லை டீச்சர், எந்நேரமும் தூக்கந்தான்" என்றார் பெருமையோடு. "பால் நன்றாகக் குடிக்கிறானா? எழுப்பினால் எழுகிறானா?" என்று நான் கேட்ட வேகத்தில் மனிதர் திகைத்துவிட்டார். நல்லவேளையாக அக்குழந்தை நலமாகவே இருக்கிறான். நான் பதறிய காரணத்தை அவரிடம் சொன்னேன். அதையே இங்கும் எழுதிவைக்கிறேன்.

2017ஆம் ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறை. என் தங்கைக்கு இரண்டாவது பெண் குழந்தை பிறந்திருந்தது. நிறைமாதம், சுகப்பிரசவம், மூன்று கிலோ எடை. தங்கை அம்மா வீட்டில் பத்தியத்தில் இருந்தாள். நான் உதவிக்குச் சென்றிருந்தேன். பசி எடுத்தால் வீட்டையே இரண்டாக்கும் அந்தக் குழந்தை, பத்தொன்பதாம் நாள் மாலையிலிருந்து ஓயாமல் உறங்கத் தொடங்கினாள். அன்றிரவு இரண்டு முறைதான் விழித்தாள். அப்போதும் பால் குடிக்காமல் கண்ணயர்ந்தாள்.

"தங்கமான பிள்ளை, பெற்றவளைத் தூங்கவிடுகிறாள் பார்" என்றார் அம்மா. நானும் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, "என் வகுப்பில் இப்படி முப்பது பேர் இருந்தால் போதுமே" என்று சிரித்தேன். தங்கை மட்டும், "அக்கா, உடம்பு சில்லென்று இருக்கிறதே" என்றாள். மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி இன்னொரு துணியைச் சுற்றிவிட்டேன். அந்தத் துணியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு சுகாதாரக் கிளினிக் தாதியர் வீடு தேடி வருவது நம் நாட்டு வழக்கமல்லவா? மறுநாள் காலை வந்த மலாய்க்காரத் தாதி, நான் சுற்றிய துணியை முதலில் அவிழ்த்தார். குழந்தையின் கையைத் தூக்கி விட்டார். அது துவண்டு விழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார், அறுபதைத் தாண்டியது. ஒவ்வொரு மூச்சிலும் மெல்லிய முனகல் இருந்தது. உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தவர், கடைசியாக எப்போது நன்றாகப் பால் குடித்தாள் என்று கேட்டார். எங்களில் எவராலும் உடனே விடை சொல்ல முடியவில்லை. அரை மணி நேரத்தில் நாங்கள் மருத்துவமனையில் இருந்தோம்.

இரத்தமும் முதுகுத்தண்டு நீரும் சோதனைக்கு எடுக்கப்பட்டன. முடிவு வருவதற்கு முன்பே நோயெதிர்ப்பு மருந்து ஊசிவழி ஏறத் தொடங்கியது. குழந்தைக்கு வந்திருந்தது மூளை உறை அழற்சி. அதற்குக் காரணமான நுண்ணுயிரின் பெயர், 'பி பிரிவு ஸ்ட்ரெப்டோகோக்கஸ்'.

அந்தப் பெயரை நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு தேடித் தேடிப் படித்தேன். மாடுகளுக்கு மடிவீக்கம் உண்டாக்கும் கிருமியாகத்தான் அது முதலில் அறியப்பட்டது. அதன் அறிவியற்பெயரில் உள்ள 'அகலாக்டியே' என்பதற்குப் பாலற்றது என்று பொருள். ஸ்ட்ரெப்டோகோக்கஸ் வகைகளை 1933இல் ஏ, பி எனப் பிரித்தவர் அமெரிக்க ஆய்வாளர் ரெபெக்கா லேன்ஸ்ஃபீல்ட் அம்மையார். 1970களில்தான் இது பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் முக்கியக் கிருமிகளுள் ஒன்றென மருத்துவ உலகம் உணர்ந்தது.

ஏறத்தாழ ஐந்து கர்ப்பிணிகளுள் ஒருவரின் குடலிலோ பிறப்புறுப்பிலோ இக்கிருமி குடியிருக்கும். தாய்க்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இராது. பிறக்கும்போது இது குழந்தைக்குத் தொற்றலாம். அப்படித் தொற்றினாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு சிலருக்கு மட்டும் இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகிறது. முதல் ஆறு நாளுக்குள், பெரும்பாலும் முதல் நாளிலேயே வருவது ஒரு வகை. ஏழாம் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் வரையில் வருவது மற்றொரு வகை. எங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டாவது.

முதல் வகையைத் தடுக்க வழி உண்டு. கர்ப்பத்தின் இறுதி வாரங்களில் சோதித்து, கிருமி இருந்தால் பிரசவ வலியின்போது தாய்க்குப் பெனிசிலின் ஏற்றுகிறார்கள். பிறப்பதற்கு நான்கு மணி நேரத்துக்கு முன்பாவது அது தொடங்கப்பட வேண்டும். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 1.7 என்றிருந்த இவ்வகை நோய், 1996இல் வந்த வழிகாட்டுதலாலும், 2002 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிந்துரைக்கப்பட்ட சோதனையாலும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. சோதனை வழக்கம் நாட்டுக்கு நாடு மாறுபடும். ஆகவே, கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது. முன்கூட்டிப் பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று வீட்டில் காத்திருக்கவும் கூடாது.

ஆனால், பிரசவ நேரத்து மருந்து இரண்டாவது வகையைத் தடுப்பதில்லை. அதற்கு நம் கண்களே காவல்.

மருத்துவமனை வராந்தாவில் தங்கை ஒரே கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டாள்: "நான் சுத்தமாக இல்லையா அக்கா?" மருத்துவர் அவள் அருகில் அமர்ந்து பொறுமையாக விளக்கினார். இது அசுத்தத்தால் வருவதன்று, பாலியல் நோயுமன்று, யாருடைய குற்றமுமன்று என்றார். தாய்ப்பால் கொடுப்பதையும் தொடரச் சொன்னார். அவள் அழுது தீர்த்தாள். என்னால் அழவும் முடியவில்லை. அறிந்திருக்க வேண்டியவள் நான்.

ஏனென்றால், ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: சத்தம் போடும் மாணவனைப் பற்றிக் கவலை வேண்டாம், நேற்று வரை பேசியவன் இன்று மௌனமாகிவிட்டால் அவன் அருகில் போய் உட்காருங்கள் என்று. வகுப்பறையில் இதைப் பல முறை கடைப்பிடித்திருக்கிறேன். வீட்டில், என் மடியிலேயே கிடந்த மௌனத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

பெற்றோரே, பாட்டிமாரே, இவற்றை நினைவில் வையுங்கள். பச்சிளங்குழந்தை பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் எழாவிட்டால், துவண்டு போனால், மூச்சு வேகமானால் அல்லது முனகினால், உடல் கொதித்தாலும் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்தாலும், நிறம் வெளுத்தாலும் நீலம் பாய்ந்தாலும், உச்சிக்குழி புடைத்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இந்நோயில் காய்ச்சல் வந்தே தீரும் என்பதில்லை.

பதினான்கு நாள் பெனிசிலினுக்குப் பிறகு குழந்தை வீடு திரும்பினாள். பின்னர் நடந்த செவிச் சோதனையில் இடக்காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. இப்போது அவள் பள்ளி மாணவி. ஆசிரியரின் குரல் வலக்காதில் விழும்படி முன்வரிசையில் அமர்கிறாள். தன் குரலின் அளவு அவளுக்குத் தெரிவதில்லை. வீட்டுக்கு வந்தால் கூரை அதிரும்.

"மெதுவாகப் பேசு" என்று அம்மா அவளை அதட்டும்போதெல்லாம் நான் குறுக்கே புகுந்து, "இருக்கட்டும் அம்மா, பேசட்டும்" என்பேன்.