கண்ணதாசனே எட்டாவதுதானே சார்?



பசியாவரத்தில் ஒரு பையன் பள்ளியை விட்டுவிட்டு வலைக்குப் போனால், கேட்கப் போகும் என்னிடம் வீட்டார் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "கண்ணதாசனே எட்டாவதுதானே சார், அவர் பொழைக்கலையா?" போன வாரம் பழைய மாணவர் ஒருவர் தன் மகனுக்காக இதையே போனில் சொன்னார். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எட்டாவது என்பது உண்மைதான். 1927-இல் சிறுகூடல்பட்டியில் பிறந்த முத்தையா, அமராவதிபுதூர் குருகுலத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் நின்றது பள்ளிக்கூடம், படிப்பு நிற்கவில்லை. இருபது வயதுக்குள் 'திருமகள்' பத்திரிகையில் ஆசிரியர் வேலை பார்த்தார். கம்பனைக் குறை சொல்வதற்காகப் படிக்கப் போய், அவனிடமே மனதைப் பறிகொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். எத்தனை பேர் அப்படிப் படிக்கிறோம்?

அவரைப் பாட்டுக்காரர் என்று மட்டும் நினைக்கிறோம். கதை வசனமும் அவருக்குத் தொழில்தான். 'இல்லற ஜோதி', 'மதுரை வீரன்', 'மகாதேவி' படங்களுக்கு வசனம் எழுதினார். 'நாடோடி மன்னன்' வசனத்திலும் அவருக்குப் பங்குண்டு. பாத்திரம் யார், எந்த நேரத்தில் என்ன பேசும் என்று எழுதிப் பழகிய கை அது. பாட்டிலும் அந்தப் பழக்கம் தெரியும்.

சொந்தமாகப் படம் எடுத்துச் சிரமமும் பட்டார். 1959-இல் 'சிவகங்கைச் சீமை' வந்தபோது, அதே ஆண்டு வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஊரையே இழுத்துக்கொண்டது. கவிஞருக்குக் கடன். கடன் வாங்கிப் படகும் எஞ்சினும் வாங்கியவர்களுக்கு அந்த வலி புரியும். அவரைக் கரை சேர்த்தது எழுத்து. 1968-இல் வந்த 'குழந்தைக்காக' படப் பாடலுக்குத் தேசிய விருது. 'சேரமான் காதலி' நாவலுக்கு 1980-இல் சாகித்திய அகாதெமி விருது. அடுத்த ஆண்டு அக்டோபர் 17-இல், 54 வயதில், சிகாகோவில் காலமானார்.

வலைத் தொழிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீரோட்டமும் காற்றும் பார்த்துப் படகு விடுவது பெரிய அறிவு. ஆனால் முகத்துவாரத்தில் மண் அடைத்து மீன்பாடு குறையும் ஆண்டுகளை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அன்றைக்குப் பையன் கையில் இன்னொரு தொழிலுக்கு வழி இருக்க வேண்டாமா? கண்ணதாசனுக்கு எழுத்து அப்படி ஒரு வழியாக இருந்தது.

எட்டாவது தேறியவர்கள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். வலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். அந்தப் பையனை என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது இருந்தால் அனுப்புங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் சொல்லித் தருகிறேன். காசு வேண்டாம். நோட்டு மட்டும் கொண்டு வரட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய தமிழ் வாத்தியார்