முதல் வருடத்துக்கும் ஒரு நாற்காலி

பி.காம் முதல் வருடம் முடிந்த விடுமுறை, 2023 மே. ஈரோட்டில் ஏழு ஆடிட்டர் அலுவலகங்களின் படியேறிப் பயிற்சி கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "மூணாவது வருஷம் வாப்பா."

எட்டாவது இடத்தில் கேள்வியை மாற்றினேன். "சார், ஒரு மாசம் பில் அடுக்கித் தர்றேன், வேலை கத்துக்கிறேன்" என்றேன். அந்த ஆடிட்டர் மறுநாளே வரச் சொன்னார்.

முதல் வாரம் முழுக்க ஜவுளிக்கடை பில்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். பிறகு டேலி கணக்கு மென்பொருளில் பதிவு. மாதாமாதம் கணக்கு தாக்கல் செய்யும் கடைகளுக்கு 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவம், 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிச் சுருக்கப் படிவம். அந்த நாட்களில் அலுவலகமே பரபரக்கும். விற்றவர் தன் கணக்கில் ஒரு பில்லைக் காட்டாமல் விட்டால், வாங்கியவருக்கு அந்த வரி வரவு நின்றுபோகும். வகுப்பில் மனப்பாடம் செய்த பற்றும் வரவும் ஒரு கடைக்காரரின் கைப்பணம் என்பது அங்கேதான் உறைத்தது.

தம்பி தங்கைகளே, பெரிய கம்பெனியின் அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர் அச்சகம், மருந்துக்கடை, பட்டறை, ஆடிட்டர் அலுவலகம் எதுவானாலும் நேரில் போய்க் கேளுங்கள். என்ன செய்து தருவீர்கள் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். செய்த வேலையைத் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிக்கும்போது சான்றுக் கடிதம் வாங்குங்கள். மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் உழைக்காதீர்கள்.

தொழில் நடத்தும் அண்ணன்களே, அக்காக்களே, முதல் வருடப் பிள்ளை வாசலில் வந்து நின்றால் திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு நாற்காலி போதும்.