சின்சியர்

குந்தாரப்பள்ளி

அன்புள்ள தம்பி,

உன் கம்பெனியில் கொடுத்த 'சின்சியர் ஒர்க்கர்' சர்டிபிகேட்டின் படத்தை அம்மா பால் ஊற்றப் போகிற இடத்திலெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். அதோடு நீ அனுப்பிய கதைக்குத்தான் இந்தக் கடிதம். ரோமாபுரிச் சிற்பிகள் பளிங்கில் விரிசல் விழுந்தால் மெழுகு பூசி மறைப்பார்களாம். பூசாத நல்ல சிலைக்கு 'சினே செரா', மெழுகில்லாதது என்று பெயராம். அதுவே 'சின்சியர்' ஆனதாம். டான் பிரவுன் 1998-ல் எழுதிய 'டிஜிட்டல் ஃபோர்ட்ரஸ்' நாவலில் காதலன் இதை வைத்துத்தான் கையெழுத்துப் போடுவான். உன் ரூம்மேட் அங்கிருந்து பிடித்திருப்பான்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி அதை நம்பத்தகாதது என்று ஒதுக்கிவிட்டது. லத்தீனில் 'சின்கேருஸ்' என்றால் சுத்தமானது, கலப்பில்லாதது. ஒரே பொருளாக வளர்ந்தது என்பது அதன் வேராக இருக்கலாம் என்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ஆளை மட்டுமல்ல, பண்டத்தையும் அப்படிச் சொன்னார்கள். வேறெதுவும் கலக்காத ஒயின், சின்சியர் ஒயின். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், பேதுருவின் முதல் நிருபத்தில், பாலுக்கே அந்த அடைமொழி! சொசைட்டியில் லாக்டோமீட்டர் விட்டுப் பார்க்கிறவரிடம் இதைச் சொன்னேன். "அப்படின்னா உங்க பால் சின்சியர்தாம்மா, ஃபேட்தான் கம்மி" என்றார்.

மெழுகை ஏமாற்றுச் சாமானாக்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை. சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து முதலில் மெழுகிலேதான் உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடு காட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அங்கே மெழுகு இல்லாமல் சாமியே இல்லை.

உன் சர்டிபிகேட்டுக்கு வருகிறேன். நம் பக்கம் 'சின்சியர்' என்றால் மனசில் உள்ளதையே பேசுகிறவன் என்று யார் சொல்கிறார்கள்? நேரத்துக்கு வருகிறவன், லீவு போடாதவன், ஓ.டி. என்றால் தலையாட்டுகிறவன். 'சின்சியரா படிக்கிறான்' என்று வாத்தியார் சொன்னால், பொய் சொல்ல மாட்டான் என்றா அர்த்தம்? அந்தக் கணக்கில் நீ வாங்கிய பெயர் சரிதான். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்க்கிறாய். ஆனால் முன்பிருந்த கம்பெனியில் சென்சாரை பைபாஸ் பண்ணி பிரஸ்ஸை ஓட்டச் சொன்னபோது, "கை போயிடும் சார், நான் ஓட்ட மாட்டேன்" என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொன்னாயே, அதற்கு யாரும் சர்டிபிகேட் தரவில்லை. வேலைக்கு பிரேக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். என் அகராதியில் அதுதான் சின்சியர். அம்மாவிடம் இதைச் சொல்லாதே, அவள் ஃபிரேம் போடக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்குக் கிடாவை ஓட்டிப் போக வேண்டும். அப்பாவைத் தனியாக அனுப்ப முடியாது. புரோக்கர் விலை கேட்பதற்கு முன்பே "போன வாரம் இதுக்குக் கழிச்சல் இருந்துச்சு" என்று அவரே சொல்லிவிடுவார். வியாழன் நைட் ஷிப்டு விழுந்தால் யாரோடாவது மாற்றிக்கொண்டு முந்தின நாளே வந்துவிடு. விடிவதற்குள்ளேயே வியாபாரிகள் இறங்கிவிடுகிறார்கள்.

அன்புடன்,
அக்கா