தொப்பிக்குக் கீழே மறைத்த கதை



கொஞ்சம் நீளமான பதிவு. வழுக்கை பற்றியது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு, கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

ஆசிரியர் கலாசாலையில் இருந்தபோதே எனக்கு நெற்றி ஏறத் தொடங்கிவிட்டது. 24 வயது. ஹொஸ்டலில் கூட்டாளிமார் "இப்பவே அதிபர் மாதிரி இருக்கீங்க" என்று பகிடி பண்ணுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். பிறகு, தொழும்போது மட்டும் போட்ட தொப்பி வகுப்புக்கும் வந்தது. வெங்காயச் சாறு, கருஞ்சீரக எண்ணெய், ஒன்லைனில் வாங்கிய மூலிகை எண்ணெய் என்று பத்து வருஷம் காசு போனது. முடி வரவில்லை.

போன வருஷம் ஒருவர் பினாஸ்டரைட் மாத்திரை பற்றிச் சொன்னார். முடிக்கு 1 மில்லிகிராம் போதும், 5 மில்லிகிராம் மாத்திரையை வாங்கி நாலாக வெட்டினால் மலிவு என்றார். டொக்டரிடம் போகாமலே எடுத்தேன். எனக்கு நேராக வெட்ட வராது. மனைவிதான் வெட்டித் தருவா. என்ன மாத்திரை என்று கேட்டதற்கு, வெட்கத்தில் "விற்றமின்" என்றேன். அப்போது அவ மூன்று மாதக் கர்ப்பிணி.

தலை அரிப்புக்காக ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டொக்டர் முதலில் கேட்டது, "மாத்திரையை யார் வெட்டுறது?"

அவர் விளங்கப்படுத்தியதை என் வார்த்தையில் சொல்கிறேன். நம் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனில் இருந்து டி.எச்.டி. என்ற ஹோர்மோன் உண்டாகிறது. பரம்பரையாக வழுக்கை உள்ளவர்களுக்கு, நெற்றியிலும் உச்சியிலும் உள்ள முடி வேர்கள் அதைத் தாங்காமல் சுருங்குகின்றன. முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் நின்றுவிடுகிறது. இது தாய் வழியிலும் வரும், தகப்பன் வழியிலும் வரும். தொப்பி, ஹெல்மட், கிணற்றுத் தண்ணீர் எதுவும் இந்த வழுக்கைக்குக் காரணமில்லை. மொட்டை அடித்தால் அடர்த்தியாகவும் வராது.

பினாஸ்டரைட் அந்த டி.எச்.டி.யைக் குறைக்கிறது. ஆனால் வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளை என்றால், அதன் பிறப்புறுப்பு சரியாக வளர்வதற்கும் அதே ஹோர்மோன்தான் வேண்டும். முழு மாத்திரைக்கு மேல்பூச்சு இருக்கிறது. உடைத்தால் தூள் கையில் படும். அதனால் கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. எடுக்கும் ஆண்களில் சிலருக்கும் தாம்பத்திய ஆசை குறையலாம், மனம் சோர்ந்து போகலாம்.

தலையில் பூசும் மினொக்சிடில் என்ற மருந்தும் உண்டு. அது முதலில் பிரஷருக்கு வந்த மாத்திரை. பலன் தெரிய நாலு மாதமாவது வேண்டும். முதல் சில வாரங்களில் முடி கூடக் கொட்டலாம். இரண்டு மருந்துமே நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைதான்.

பெண்களே, உங்களுக்கு வகிடு அகன்று உச்சி மெலிந்தால் அதுவும் பரம்பரையாக இருக்கலாம். ஆனால் பிள்ளை பெற்ற பிறகு, கடும் காய்ச்சலுக்குப் பிறகு, இரும்புச்சத்துக் குறைவால், தைரொயிட்டால் கொட்டுவது வேறு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது எல்லோருக்கும் உள்ளதுதான். அதைவிடக் கூடினால் எண்ணெய் தேடாமல் டொக்டரைப் பாருங்கள்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். "மொட்டை எண்டா எனக்கென்ன? விற்றமின் எண்டு பொய் சொன்னதுதான் கவலை" என்றா. அதற்குப் பிறகு ஆறு மாதம், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நான் நடுங்கிக்கொண்டே போனேன். மகன் சுகமாகப் பிறந்தான். அல்ஹம்துலில்லாஹ்.

மாத்திரையை விட்டுவிட்டேன். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன். தொப்பி இல்லாமல் வகுப்புக்குப் போன முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த நாள் மறந்துவிட்டார்கள்.

மருந்து எடுப்பது பிழையென்று சொல்லவில்லை. டொக்டரிடம் கேட்டு எடுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு மறைக்காமல் எடுங்கள். இதை வாசிக்கும் தம்பிமார் யாராவது மாத்திரை வெட்டிக்கொண்டு இருந்தால், இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள்.