‘சாரி’ என்றொரு சொல்

ஆங்கிலம் அறியாதவரும் அன்றாடம் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘சாரி’. பேருந்தில் கால் பட்டுவிட்டால் சாரி. தொலைபேசியில் எண் தவறிப் போனால் சாரி. கடைக்காரரிடம் சில்லறை இல்லையென்றால் அதற்கும் சாரி. ஈரெழுத்துச் சொல், சொல்வதற்குச் செலவு ஏதுமில்லை. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

பழைய ஆங்கிலத்தில் புண்ணையும் வலியையும் குறித்த ஒரு சொல்லே இதன் வேர். துயரத்தைக் குறிக்கும் ‘சாரோ’ ஓசையில் நெருங்கி நின்றாலும், அது வேறு வேரில் முளைத்தது. ஆக, ‘என் உள்ளம் புண்பட்டு வலிக்கிறது’ என்பதே இதன் முதற்பொருள். நம் முன்னோர் தந்த ‘மனஸ்தாபம்’ என்னும் சொல் இதற்கு எத்துணை அண்மையில் நிற்கிறது! தாபம் என்றால் வெம்மை, வேதனை. ஊர்வழக்கில் அது வெறும் மனக்கசப்பாகிவிட்டது; நம் செபங்களில் மட்டும் பாவத்திற்காக வேகும் உள்ளத்தைக் குறித்து நிற்கிறது.

ஆங்கிலேயர் இச்சொல்லைப் பலவாறு ஆள்வர். காதில் விழாததை மீண்டும் கேட்கவும், மறுப்பை மென்மையாக்கவும், பரிதாப நிலையைச் சுட்டவும் இது பயன்படும். செய்த பிழைக்குப் பொறுப்பேற்பதும் இச்சொல்லால்தான். இறப்பு வீட்டில் துக்கம் விசாரிப்பதும் இச்சொல்லால்தான். முன்னதில் தவறு செய்தவன் பேசுகிறான். பின்னதில் தவறேதும் செய்யாதவன் ஆறுதல் கூறுகிறான். இவ்விரண்டிற்கும் இடையில் ஒருவன் ஒளிந்துகொள்ள இடமுண்டு.

ஒரு நாடே இச்சொல்லுக்காகக் காத்திருந்த வரலாறும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பழங்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசு விடுதிகளிலும் திருச்சபைகளின் இல்லங்களிலும் வளர்க்கப்பட்ட கொடுமையை 1997இல் வெளியான விசாரணை அறிக்கை எடுத்துரைத்தது. 1999இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் நாடாளுமன்றத்தில் கொணர்ந்த தீர்மானம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தது; மன்னிப்புக் கோரவில்லை. 2000ஆம் ஆண்டு மே 28 அன்று ஏறத்தாழ 2,50,000 பேர் சிட்னி துறைமுகப் பாலத்தின்மீது நடந்தனர். அன்று வானத்தில் ஒரு விமானம் புகையால் எழுதியது அந்த ஒரே சொல்லைத்தான். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் அதனை நாடாளுமன்றத்தில் உரைத்தபோது முதியோர் பலர் கண்ணீர் விட்டனர். வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு என்பதைக் காயம்பட்டவர் நன்கு அறிவர்.

இதை நான் நூல்களில் படித்திருந்தேன். அறிந்துகொண்டது ஒரு மூதாட்டியின் அடக்கத்தின்போது.

அன்று மாலை மூன்று திருப்பலிகள் நிறைவேற்றிக் களைத்திருந்தேன். இரவு பத்து மணிக்குமேல் ஒருவர் அழைத்தார். “அம்மாவுக்கு ரொம்ப முடியலை சாமி, அவஸ்தைப் பூசுதல் கொடுக்கணும்.” பல மாதங்களாகப் படுக்கையில் இருந்தவர்தானே என்று எண்ணி, “காலையில் முதல் வேலையாக வருகிறேன்” என்றேன். விடியுமுன் துக்கமணி அடிக்கச் சொல்லி ஆள் வந்தது.

அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் அந்த மகனின் கையைப் பற்றி, “சாரி” என்றேன். அவர் அதைத் துக்கம் விசாரிப்பதாகவே எடுத்துக்கொண்டார். “நன்றி சாமி” என்று கைகூப்பினார். திருத்தியிருக்கலாம்; திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால், இரு பொருளும் தரும் சொல்லை நான் தேர்ந்ததே அதற்காகத்தான். அவர் கூறிய நன்றி பல இரவுகள் என்னை உறங்கவிடவில்லை.

முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பின் அவர் வீட்டிற்குச் சென்றேன். “நீங்கள் அழைத்த இரவில் நான் வந்திருக்க வேண்டும். வராதது என் குற்றம். என்னை மன்னியுங்கள்” என்றேன். தமிழில் அதைச் சொல்வது கடினமாக இருந்தது. ‘சாரி’ என் நிலையைச் சொல்கிறது. அத்துடன் என் வேலை முடிந்துவிடுகிறது. ‘மன்னியுங்கள்’ என்பதோ எதிரே இருப்பவரிடம் ஏந்திய கை. கொடுப்பதும் மறுப்பதும் அவர் உரிமை.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அம்மா கடைசிவரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க சாமி” என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்டு வற்புறுத்தவுமில்லை. அவர் மனைவி காபி கொண்டுவந்தார். மூவரும் அமைதியாகக் குடித்தோம்.

ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து பிறர் குற்றங்களைக் கேட்கிறவன் நான். குற்றத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட வேண்டும் என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் போதித்திருக்கிறேன். அதை நானே கற்க ஒரு தாயின் மரணம் தேவைப்பட்டது. இப்போது இரவில் தொலைபேசி ஒலித்தால், செருப்பைத் தேடியபடியேதான் பேசுகிறேன்.