சுந்தூக்கும் சந்தூக்கும்



1980களின் நடுவில், கடலூர் முதுநகரிலிருந்து நாள்தோறும் ரயிலேறிச் சிதம்பரம் சென்று பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சோவியத் நூல்கள் மலிவாகவும் அழகாகவும் கிடைத்த காலம் அது. அவற்றை மூலமொழியிலேயே படிக்கும் ஆசையில், மாலைநேரத் தொடக்கநிலை ருஷ்ய வகுப்பில் சேர்ந்தேன்.

செய்தியைக் கேட்ட அத்தாவின் முகம் வாடிற்று. “அல்லாஹ் இல்லை என்று சொல்லும் நாட்டின் பாஷை உனக்கு எதற்குத் தம்பி?” என்றார். அவர் கோபித்திருந்தால் நான் வாதிட்டிருப்பேன். ஆனால் அவர் குரலில் இருந்தது, மகனின் ஈமான் கைநழுவிவிடுமோ என்ற அச்சம்.

மறுநாள் இஷா தொழுகைக்குப் பின் என்னைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அழைத்துச் சென்றார். பொறுமையாகக் கேட்ட ஹஜ்ரத், ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை நினைவூட்டினார். யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தபோது, ஸைத் அரை மாதத்தில் அதைக் கற்றார்கள். “இதைப் பதிவுசெய்த இமாம் திர்மிதியின் ஊர் எங்கே இருக்கிறது? இமாம் புகாரியின் ஊர் எங்கே? இரண்டும் இன்று அந்த நாட்டுக்குள்தானே!” என்றார் ஹஜ்ரத். உஸ்பெகிஸ்தான் அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, “படி. தொழுகையை மட்டும் விட்டுவிடாதே” என்றார்.

வகுப்பு எளிதாக இல்லை. மொத்தம் 33 எழுத்துகள். ஆங்கில ‘பி’ போலத் தோன்றுவது ‘ர’. ‘எச்’ போலத் தோன்றுவது ‘ந’. வேற்றுமைகள் ஆறுதான், எட்டு வேற்றுமை உடைய தமிழனுக்கு அது புதிதன்று. ஆயினும் பெயரின் பாலுக்கேற்ப உருபுகள் மாறியபோது திணறினேன். ‘எக்ஸ்’ வடிவ எழுத்தை ஆசிரியர் ஒலித்துக் காட்டியபோது மட்டும், வகுப்பே தடுமாற, நான் முதல் முறையிலேயே சரியாகச் சொன்னேன். சிறுவயதில் மதரஸாவில் பழகிய அரபு ‘ஃகா’வின் மக்ரஜ் கைகொடுத்தது.

ஒரு நாள், மூடியுள்ள மரப்பெட்டியின் படத்தைக் காட்டி ஆசிரியர் “சுந்தூக்” என்றார். எனக்கு உடல் சிலிர்த்தது. நம் பள்ளிவாசல்களில் ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக் அல்லவா அது! பெட்டியைக் குறிக்கும் ஓர் அரபுச் சொல், துருக்கிய மொழிகளின் வழியே ருஷ்யாவுக்குச் சென்றிருக்கிறது. நம் கரைக்கும் வந்திருக்கிறது.

அதன்பின் தேடிப் படித்தேன். பாக்தாத் கலீஃபாவின் தூதுக்குழுவோடு இப்னு ஃபள்லான் வோல்கா ஆற்றங்கரைப் பல்கார் மக்களிடம் சென்று சேர்ந்தது 922ஆம் ஆண்டு. அப்பகுதியின் தாத்தார் முஸ்லிம்கள், நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியதைப் போலவே, தம் மொழியை அரபு எழுத்தில் எழுதிவந்தனர். 1920களின் இறுதியில் சோவியத் ஆட்சி அவ்வெழுத்தை அகற்றியது. அத்தாவின் அச்சம் வெறும் அச்சமன்று என்பது அப்போதுதான் புரிந்தது.

சந்தூக்கின் கதையை அத்தாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், “படைத்தவனை மறுத்தார்கள், சந்தூக்கை மறுக்க முடியவில்லை பார்!” என்று சிரித்தார். அன்றுமுதல் இரவுதோறும், “இன்று என்ன சொல் படித்தாய்?” என்று கேட்கலானார்.

ருஷ்ய நாவலை மூலத்தில் படிக்கும் அளவுக்கு நான் தேறவில்லை. கற்ற சொற்களிலும் பெரும்பாலானவை மறந்துபோயின. அத்தா வஃபாத்தான நாளில், அவரைச் சுமந்த சந்தூக்கைத் தோளில் ஏற்றியபோது, மறவாத அந்த ஒரு சொல் நெஞ்சில் வந்து நின்றது.

இன்று மருத்துவம் படிக்க நம் பிள்ளைகள் ருஷ்யாவுக்கே செல்கின்றனர். மொழிகளின் வேற்றுமையும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் ஒன்று என்பதை அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் உணர்த்துகிறது. பிள்ளைகளிடம் நம் அச்சத்தை அன்போடு சொல்வோம். வாசலை அடைக்க வேண்டாம். அன்றிரவு அத்தா என்னைத் தடுக்காமல், கற்றவரிடம் அழைத்துச் சென்றார். அந்த நல்லெண்ணத்திற்காக அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.