பிறந்தது நெல்லையில், படிப்பது தாராவியில்: பள்ளிப் பயணமும் பிள்ளையின் கடவுச்சீட்டும்

ஜூன் 24

இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் 1967ஆம் ஆண்டு இதே நாளில் இயற்றப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சத்வந்த் சிங் வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித விடுதலையில் அடங்கும் என்றும், கடவுச்சீட்டைத் தருவதும் மறுப்பதும் அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடப்படலாகாது என்றும் தீர்ப்பளித்ததே இச்சட்டம் பிறக்கக் காரணமாயிற்று. அவ்வுரிமைக்கு வயது வரம்பு இல்லை. முன்னர்ப் பெற்றோரின் கடவுச்சீட்டிலேயே குழந்தையின் பெயரைச் சேர்த்துவிடும் வழக்கம் இருந்தது; இன்று கைக்குழந்தையாயினும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும்.

மும்பையின் பள்ளிகள் திறந்து சில நாட்களே ஆகின்றன. தீபாவளி விடுமுறையில் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்ல எண்ணும் பள்ளி, பயணக் கட்டணத்தின் முதல் தவணையைக் கேட்கும் முன்பே ஒவ்வொரு பிள்ளையின் சான்றிதழ்களையும் வாங்கிப் பார்க்க வேண்டிய காலம் இதுவே.

ஜூலை 3, தாராவி

தாராவித் தமிழர்களில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழியினர். தோல் பதனிடும் தொழிலுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வரத் தொடங்கியவர்களும் அவர்களுள் உண்டு. தலைமுறைகள் கடந்தும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பல குடும்பங்களில் நீடிப்பதால், 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் வளர்கிற பிள்ளையின் பிறப்புப் பதிவு நாங்குநேரியிலோ சங்கரன்கோவிலிலோ இருக்கக்கூடும். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பிறப்பு எங்கு நிகழ்ந்ததோ அங்குதான் 21 நாட்களுக்குள் பதியப்பட வேண்டும். தாய் தந்தையர் வாழும் ஊர் கணக்கில் வருவதில்லை. ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் ஆணையின்றிப் பதிய இயலாது.

பிறப்பைப் பதிவதோடு வேலை முடிந்துவிடுவதுமில்லை. பெயர் சூட்டுமுன்பே மருத்துவமனையிலிருந்து தகவல் போய்விடுவதால் பெயர்க்கட்டம் வெறுமையாக உள்ள சான்றிதழ்கள் பல வீடுகளில் கிடக்கின்றன. பிள்ளையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 வயது வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் சேர்க்கலாம். ஆனால் அதைச் செய்ய வேண்டிய அலுவலகம் தாராவியில் இல்லை. தினக்கூலி வேலையை விட்டுவிட்டு ரயிலேறிச் சொந்த ஊர் போய்வர வேண்டியிருப்பதால், அடுத்த கோடையில் கொடைவிழாவுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வேலை தள்ளிப்போகிறது. பள்ளியின் பயண அறிவிப்பு அந்தக் கோடைக்குக் காத்திருப்பதில்லை.

ஜூலை 10

ஊர்ப் பதிவேட்டுக்கும் மும்பைப் பள்ளிப் பதிவேட்டுக்கும் இடையே பெயர் எழுதும் முறையே வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தும் பிள்ளையின் பெயரும் சேர்ந்தால் முழுப்பெயர் ஆகிவிடும். மகாராட்டிரத்தில் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர் என மூன்று சொற்கள் வேண்டும் என்பதால், குடும்பப்பெயர் என்ற ஒன்றைப் பயன்படுத்தியிராத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் சேர்க்கும் நாளில் தாத்தாவின் பெயரோ, நாடார், தேவர் போன்ற சாதிப்பெயரோ மூன்றாம் சொல்லாக எழுதப்படுகிறது. இவ்வாறு ஒரே பிள்ளை பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரோடும் பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயரோடும் வளர்கிறது. ஆதார் அட்டை இவற்றுள் எதைப் பின்பற்றியிருக்கும் என்பது அதை எடுத்த நாளில் கையிலிருந்த காகிதத்தைப் பொறுத்தது.

கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் முன்னெழுத்துக்கு இடமில்லை. அதை விரித்து முழுச்சொல்லாக எழுத வேண்டும். குடும்பப்பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட இந்திய விதிகள் அனுமதித்தாலும், செல்லும் நாடு அதை ஏற்குமா என்பது தனிக்கேள்வி. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைச் சொல்லே பெயராக உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என அறிவித்து, பின்னர்க் கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் எனத் தளர்த்தியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்கள் துபாய்க்கும் சார்ஜாவுக்கும் கல்விப் பயணம் அழைத்துச் செல்லப்பட்டதும் அதே மாதத்தில்தான் என்பதை நினைத்தால், ஒரு விதிமாற்றம் எத்தனை பிள்ளைகளின் வாசலில் வந்து நிற்கக்கூடும் என்பது விளங்கும். தமிழ்ப் பெற்றோர் தந்தையின் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதி, எல்லா ஆவணங்களிலும் அதையே கடைப்பிடிப்பது பாதுகாப்பானது.

ஜூலை 19

பதினெட்டு வயது நிறையாதவருக்கான விண்ணப்பத்தோடு, பெற்றோர் இருவரும் ஒப்புதல் தெரிவிக்கும் உறுதிமொழி இணைக்கப்பட வேண்டும். இது டி இணைப்பு எனப்படும். ஒருவரின் ஒப்புதல் கிடைக்காதபோது, பிள்ளையைப் பேணும் மற்றவர் அதற்குரிய காரணத்தைக் கூறித் தனித்து அளிக்கும் உறுதிமொழி சி இணைப்பாகும். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியபோது, இவற்றை வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டாலே போதும், நோட்டரியிடம் போக வேண்டியதில்லை என்றும், பெற்றோரில் ஒருவரது பெயர் மட்டும் குறிப்பிடப்பட்டாலும் ஏற்கப்படும் என்றும் அறிவித்தது. கணவன் விட்டுச்சென்றபின் தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கு இது பெரும் ஆறுதல். எனினும் இச்செய்தி அவர்களை எட்டாமல், முத்திரைத்தாளுக்கும் முகவருக்கும் இன்றும் பணம் போவது வருந்தத்தக்கது.

ஒப்புதல் மறுக்கப்பட்டால் என்னாகும் என்பதற்கு மும்பை உயர் நீதிமன்றமே 2025 ஜனவரியில் விடை தந்துள்ளது. ஜப்பானின் சகுரா அறிவியல் திட்டத்தின் கீழ் கல்விப் பயணத்துக்குத் தேர்வான 17 வயது மாணவி ஒருவருக்கு, மணமுறிவு வழக்கில் தாயோடு பிணங்கியிருந்த தந்தை ஒப்புதல் தராததால், கடவுச்சீட்டு தடைபட்டது. பெற்றோரின் பிணக்குக்காக மகளின் உரிமையைப் பறிக்க இயலாது என்று கூறிய நீதிமன்றம், இரு வாரங்களுக்குள் கடவுச்சீட்டை வழங்குமாறு ஆணையிட்டது. சரியான தீர்ப்புதான். ஆயினும் உயர் நீதிமன்றத்தின் படியேறும் வலிமை எல்லாத் தாய்மார்களுக்கும் இல்லை. அத்தகைய விண்ணப்பங்கள் அலுவலகத்தின் முதல் மேசையிலேயே இதே கண்ணோட்டத்தோடு பார்க்கப்பட வேண்டும்.

ஆகஸ்ட் 2, பாந்திரா குர்லா வளாகம்

மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகம் 2017 முதல் இவ்வளாகத்தின் விதேஷ் பவனில் இயங்குகிறது. மித்தி ஆற்றுக்கு அப்பால் தாராவி. ஆனால் விண்ணப்பங்களைப் பெறும் பாஸ்போர்ட் சேவா கேந்திராக்கள் ஆந்தேரி, மலாட், லோயர் பரேல் போன்ற இடங்களில் உள்ளன. பிள்ளையோடு பெற்றோரில் ஒருவரும் நேரில் செல்ல வேண்டும் என்பதால் ஒருநாள் கூலி போகும். கட்டணம் 1000 ரூபாய். அவசரத்துக்கான தத்கல் முறையில் மேலும் 2000 ரூபாய்.

வசதியுள்ள தமிழர் வாழும் செம்பூர், மாதுங்கா வீடுகளுக்கும் தாராவி வீடுகளுக்கும் உள்ள வேறுபாடு இங்கே துலங்குகிறது. பெற்றோரிடம் நடப்பிலுள்ள கடவுச்சீட்டு இருந்தால் பிள்ளையின் விண்ணப்பம் பொதுவாகக் காவல்துறைச் சரிபார்ப்பின்றியே நகர்ந்துவிடும். இருவரிடமும் இல்லையெனில் காவலர் முகவரியை உறுதிசெய்யும் வரை காத்திருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுதப்படாத ஒற்றை அறையில் வாழ்ந்து, ஆதாரில் இன்னும் ஊர் முகவரியையே வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்தக் காத்திருப்பு நீளும். வீட்டில் முதன்முதலாகக் கடவுச்சீட்டுப் பெறுபவர் பிள்ளையாகவே இருக்கும் குடும்பங்களுக்குத்தான் பள்ளியின் துணை மிகுதியாகத் தேவைப்படுகிறது.

ஆகஸ்ட் 20

பிள்ளையின் கடவுச்சீட்டு ஐந்தாண்டுகளோ 18 வயது வரையிலோ, எது முன்னதோ அதுவரை செல்லும். 15 வயது நிறைந்தவர் பத்தாண்டுக் கடவுச்சீட்டையும் கேட்கலாம். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் ஆகியவை இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என எதிர்பார்ப்பதால், கடைசி அரையாண்டு பயணத்துக்கு உதவாது.

செப்டம்பர் 5

ஆசிரியர் நாளான இன்று, ஆசிரியரின் கையெழுத்தே கடவுச்சீட்டுக்கு ஈடாகும் ஓரிடத்தைக் குறிப்பது பொருந்தும். இந்தியாவிலிருந்து நேபாளம் செல்லும் 15 முதல் 18 வயது வரையிலான மாணவர்கள், பள்ளி முதல்வர் உரிய படிவத்தில் அளிக்கும் அடையாளச் சான்றிதழைக் கொண்டே செல்லலாம். 15 வயதுக்குட்பட்டோருக்கு வயதையும் அடையாளத்தையும் காட்டும் படமுள்ள சான்று போதும். ஐரோப்பாவில் இதைவிட விரிந்த ஏற்பாடு உண்டு. 1961ஆம் ஆண்டு ஐரோப்பிய மன்ற நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே, ஒரு குழுவின் இளையோர் அனைவருக்கும் ஒரே கூட்டுக் கடவுச்சீட்டு வழங்கும் முறை உருவாயிற்று. பிரிட்டன் இன்றும் 5 முதல் 50 பிள்ளைகள் வரையிலான குழுவுக்கு அதை அளிக்கிறது. தெற்காசிய நாடுகள் தமக்குள் இத்தகைய உடன்பாட்டைச் செய்துகொண்டால், தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி மாணவரும் யாழ்ப்பாணத்தைப் பார்த்து வரலாம்.

அக்டோபர் 1

2023ஆம் ஆண்டு இந்நாளிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்கு, கடவுச்சீட்டு பெறுவதற்கான பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும் என்பது 2025 பிப்ரவரியில் வந்த திருத்த விதி. அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்றவையும் உதவும். பின்னர்ப் பிறந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. அந்நாளுக்குப்பின் நெல்லையில் பிறந்து தாராவிக்குத் தூக்கிவரப்பட்ட குழந்தைகள் சிலர் இப்போது அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கியிருப்பர். அவர்களை வரவேற்கும் அங்கன்வாடிப் பணியாளர்கள் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, பெயர்க்கட்டம் வெறுமையாக இருந்தால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே நிரப்பி வரும்படி தாயிடம் சொல்லிவைக்கலாம். பெயர் சேர்ப்பதற்கான 15 வயது என்ற எல்லைக்கு இன்னும் நெடுங்காலம் இருக்கிறது.